ராமர் கைக்கு வலி வரவேண்டும்

போனில் ஒரு அழைப்புகூட இல்லை என்று பார்த்ததும், போன்தான் கெட்டுவிட்டதோ என்று டாக்டர் ஜோசப்பினுக்கு முதலில் சந்தேகம் வந்தது. இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நேற்று இரவு யாருமே அவளைக் கூப்பிடவில்லை. படுத்தவள் விடிந்துதான் எழுந்திருக்கிறாள். இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்பதே மறந்துபோயிருந்தது. வெளியே தைமாதத்துப் பனி புல்லில் உப்புத் தூவியது போலக் கிடந்தது. அதை ஆற அமர நின்று பார்த்தபடி காபி குடித்தாள்.

மயக்க மருந்து டாக்டரின் பிழைப்பைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. கத்தி வைப்பவர் பழனியிலிருந்து காரில் வருவார், எலும்பைச் சேர்த்து வைப்பார், கும்பிடு வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையிறங்கிவிடுவார். வலி மட்டும் அவரோடு இறங்காது. அது சாயங்காலம் மெல்ல எட்டிப் பார்க்கும், ராத்திரி சாமியாடும். அப்போது வார்டு நர்ஸ் யாரைக் கூப்பிடுவாள்? கொடைக்கானலின் அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்து டாக்டர் ஒரே ஒருத்திதான். "டாக்டர், பெட்ல இருக்க முடியலைன்னு அழுகுறாரு." "டாக்டர், அந்த ஊசி போட்டதுல வாந்தியா எடுக்குறாரு." பன்னிரண்டு வருஷமாக இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு ஜோசப்பினுக்குக் காது புளித்துவிட்டது. அவளுக்கு இருந்த களைப்பு ஒரு நாள் லீவில் தீருகிற ஜாதியும் இல்லை.

அதனால்தான் அந்தக் கலவையை ஆரம்பித்தாள். கையில் ஆபரேஷன் என்றால் காரை எலும்புக்கு மேலே, கைக்குப் போகிற நரம்புக் கொத்தைச் சுற்றி ஒரு ஊசி போடுவார்கள். கை மரக்கட்டையாகிவிடும். ஆள் பேசிக்கொண்டே படுத்திருக்கலாம். ஆனால் வெறும் ஊசி ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைதான் தாங்கும். அதில் தூக்க மருந்து ஒன்றைத் துளி அளவு கலந்தால் மறுநாள் வரைக்கும் கை மரத்தபடியே இருக்கும். தீவிர சிகிச்சையில் கிடப்பவர்களைச் சாந்தப்படுத்துவதற்கென்று வந்த மருந்து அது. நரம்போரம் போட்டால் இப்படி ஒரு குணம் இருக்கிறதென்று மதுரையில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் சொன்னார்கள். நாடித்துடிப்பு கொஞ்சம் குறையும், ஆள் சொக்கினாற்போல இருப்பார், பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டால் போதும். நோயாளிக்கு அந்தப் பொல்லாத முதல் இரவு வலியில்லாமல் கழியும். டாக்டருக்கும் தூக்கம் கிடைக்கும். இந்த இரண்டாவது லாபத்தை ஜோசப்பின் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று அந்தக் கலவை ஊசியைப் பள்ளங்கி கிராமத்து ராமருக்குப் போட்டாள். பூண்டு விவசாயி. அறுவடைக் கூடையோடு வரப்பில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஆபரேஷனைவிட ராத்திரியை நினைத்துத்தான் பயம். முன்பு ஒருமுறை மலைக்குக் கீழே எங்கோ குடலிறக்கத்துக்கு அறுத்தபோது பட்டபாட்டை ஊசி போடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"சொவத்தப் பிராண்டுனேங்க டாக்டரம்மா. எம் பொண்டாட்டி மகாதேவியக் கேட்டுப் பாருங்க. பூனை கணக்கா பிராண்டுனேன்."

"இன்னைக்கு ராத்திரி வலிக்காதுண்ணே. அதுக்கு நான் ஜவாப்தாரி," என்றாள் ஜோசப்பின்.

ராமர் அவளை அம்மனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இந்தப் பார்வைக்காகத்தானே இந்த வேலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது தோன்றியது உண்மை.

சாயங்காலமே வீட்டுக்குப் போகவேண்டும் என்று ராமர் ஒற்றைக்காலில் நின்றார். பறித்த பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டிப் பரணில் தொங்கவிட்டாயிற்று, அது காய்வதற்குக் கீழே புகை போடவேண்டும், மகாதேவி ஒருத்தியால் எல்லாம் ஆகாது என்றார். நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தன. பள்ளங்கி பக்கம்தானே, போகட்டும் என்று ஜோசப்பினும் விட்டுவிட்டாள். கிளம்பும் நேரத்தில் வார்டு சிஸ்டர் உபகாரம்தான் வழக்கமான புத்திமதியைச் சொன்னாள். அந்த ஆஸ்பத்திரியிலேயே நரைத்தவள் அவள். பழைய ஊசியின் கணக்குதான் அவள் வாயில் பாடமாக இருந்தது.

"கைய கழுத்துத் தூளிய விட்டு எடுக்கக் கூடாது. ராத்திரி சோத்து நேரத்துக்கெல்லாம் கைக்கு உணர்ச்சி வந்துரும். வலி எட்டிப் பாக்கையிலேயே இந்த மாத்திரையப் போட்ருங்க."

ஜோசப்பின் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை, கையில் சாவி. சோத்து நேரம் இல்லை சிஸ்டர், நாளை மத்தியானம் ஆகும், நான் தூக்க மருந்து கலந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் உபகாரம் நாலு கேள்வி கேட்பாள். ராமர் எட்டு கேள்வி கேட்பார். கால் இரண்டும் அவளைக் கெஞ்சின. வலிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

"வலிச்சா எந்நேரமானாலும் எனக்குப் போன் போடுங்கண்ணே," என்று மட்டும் சொன்னாள். நெருப்புப் பக்கம், சுடுதண்ணிப் பக்கம் போகவேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்கிற வார்த்தையையும் அன்று சொல்லவில்லை.

காபியைக் குடித்துவிட்டு, நல்லபடியாகத் தூங்கிய முகத்தோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவளை வாசலிலேயே உபகாரம் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், பள்ளங்கிக்காரர் ஜீப்புல வந்துருக்காரு. கையப் பாருங்க, வெரசா வாங்க."

டிரெஸ்ஸிங் அறையில் ராமர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வலியின் நிழல்கூட இல்லை. ஏதோ சின்னத் திருட்டில் மாட்டிக்கொண்டவர் மாதிரி அசட்டுத்தனமாகச் சிரித்தார். மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களை ஜோசப்பின் குனிந்து பார்த்தாள். கட்டை விரலிலும் நடுவிரலிலும் பெரிய பெரிய கொப்புளங்கள். ஆள்காட்டி விரலில் கொப்புளமே இல்லை. நுனியிலிருந்து பாதி விரல் வரை வெளுத்துக் காய்ந்து, பழைய தோல்செருப்பு போல இருந்தது.

கொப்புளம் இல்லாத அந்த விரல்தான் அவளைப் பயமுறுத்தியது.

"என்னண்ணே இது? எப்படி ஆச்சு?"

ராமர் மனைவியைப் பார்த்தார். மகாதேவி சொன்னாள். தலையிலும் சேலையிலும் புகைவாடை. கண்கள் சிவந்திருந்தன. இரவு முழுக்க அவள் கண்ணை மூடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"சோத்து நேரத்துல வந்துரும்னாக. வரல. படுக்கையில வரும்னு பாத்தோம். வரல. கிள்ளிப் பாத்தேன், ஊசிய எடுத்துக் குத்தியும் பாத்தேன். ஒண்ணுந் தெரியலங்குறாக. கை செத்துப்போச்சு மகாதேவின்னு ஒரே பொலம்பலு. வெள்ளனே எந்திரிச்சுப் பாத்தா கை பனிக்கட்டியாட்டம் சில்லுன்னு கெடக்கு. அதான் புகை போட்ட தணல்ல கொஞ்சம் காட்டுவோம்னு..."

ஜோசப்பினுக்கு மீதியை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மேல்மலையில் உறைபனிக் காலத்தில் பூண்டு பறிக்கிற எவரும் செய்வதுதான் அது. ஈர மண்ணுக்குள் கையை விட்டு விட்டு விரல்கள் விறைத்துப்போகும். வரப்போரம் மூட்டி வைத்த தணலில் நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகள் ஊசி குத்துகிற மாதிரி கடுக்கும். கடுத்தால் விரல் பிழைத்தது என்று அர்த்தம், எழுந்து வேலைக்குப் போவார்கள். ராமரும் கடுக்கட்டும் என்று நீட்டியிருக்கிறார். கடுக்கவில்லை. இன்னும் கிட்டத்தில் நீட்டியிருக்கிறார். தோல் கருகும் வாடை மகாதேவியின் மூக்குக்கு வந்த பிறகுதான் கையை இழுத்திருக்கிறார்கள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணே," என்றாள். "எந்நேரமும் பண்ணச் சொன்னேனே."

"வலிச்சாத்தான போன் போடச் சொன்னீக?" ராமர் வியப்பாகக் கேட்டார். "வலிக்கலயே டாக்டரம்மா. நீங்க சொன்ன மாதிரியே ராத்திரி பூரா ஒரு சொட்டு வலியில்ல. அப்பறம் உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டோம்."

அவர் குத்திக்காட்டவில்லை. நன்றியோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. இவள் போனை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பனியை ரசித்துக் காபி குடித்தபோது, இந்த மனிதர் ஜீப்பில் குலுங்கி வந்துகொண்டிருந்திருக்கிறார்.

காயத்தைக் கழுவி மருந்திட்டு மேலோட்டமாகத் துணி சுற்றினார்கள். ராமர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஜோசப்பின் பழனிக்குப் போன் போட்டாள். எலும்பு டாக்டர், மதுரையில் தீக்காயம் பார்க்கிறவரிடம் சொல்லிவிடுகிறேன், அவர் சாயங்காலம்தான் பார்ப்பார், அதற்குள் உணர்ச்சி வருகிறதா என்று பார்த்து வையுங்கள் என்றார். "எவ்வளவு ஆழம்னு அதுலதான் தெரியும்," என்றார். அதை அவர் சொல்லித்தான் ஜோசப்பினுக்குத் தெரியவேண்டும் என்றில்லை.

மகாதேவி அவளைத் தாழ்வாரத்துக்குப் பின்தொடர்ந்து வந்தாள். "வெரல் தேறிருமாங்க?" என்று கேட்டாள். சுற்றி வளைக்காத பெண் அவள்.

ஜோசப்பின் சுவரில் சாய்ந்துகொண்டாள். நன்றாகத் தூங்கிய உடம்பு என்று காலையில் நினைத்ததெல்லாம் போய், பழைய களைப்பு மொத்தமும் வட்டியோடு திரும்பியிருந்தது. பொய் சொல்லவும் தெம்பில்லை.

"ஊசியோட வேகம் மத்தியானம் கொறையும்மா. கொறையிறப்ப வலிக்கும். நல்லா வலிக்கும். வலிச்சா தோலுக்கு அடியில உயிர் இருக்குன்னு அர்த்தம், தேறிரும். வலிக்காத இடம்..." என்று நிறுத்தினாள். "வலிக்காத இடம் உள்ளுக்குள்ள வரைக்கும் வெந்துபோச்சுன்னு அர்த்தம். அதை எடுக்கிற மாதிரிகூட ஆகலாம்."

மகாதேவி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "வெதப்பூண்டு ஊன்றது அந்தக் கையாலதாங்க. பெருவெரலும் ஆள்காட்டியும் வெச்சுத்தான் மண்ணுல அழுத்தணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப அவுககிட்டச் சொல்ல வேணாங்க. பயந்துருவாக. ராத்திரியெல்லாம் அழுதுட்டாக," என்றாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்மா. மருந்து மறுநா மத்தியானம் வரைக்கும் நிக்குங்குறது எனக்குத் தெரியும். சிஸ்டர் சோத்து நேரம்னு சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். தப்புன்னு தெரிஞ்சும் திருத்தல. அலுப்பா இருந்துச்சு."

மகாதேவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று ஜோசப்பின் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு வார்த்தைங்க," என்றாள் மகாதேவி. "ரெண்டே வார்த்தை." அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

அன்று வேறு ஆபரேஷன் இல்லை. ஜோசப்பின் தன் அறைக்குப் போகாமல், வார்டில் ராமரைப் படுக்கவைத்திருந்த கட்டிலுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ராமருக்கு மருந்தின் சொக்கு இன்னும் மிச்சமிருந்தது. தூங்குவதும், விழித்துப் பூண்டு விலையைப் பற்றிப் பேசுவதுமாக இருந்தார். மகாதேவி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உபகாரம் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கலவை விஷயம் அவளுக்கும் தெரிந்துவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல டாக்டர்?" என்று ஒரு தடவை கேட்டாள். கோபம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, தானாகக் கொண்டுவருகிற டீயைக் கொண்டுவரவில்லை.

வலியை விரட்டுவதற்கென்றே படித்தவள் ஜோசப்பின். அதைத் தவிர வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. தொழிலுக்கு வந்த இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரின் வலியை ஊசியில் கட்டிப்போட்டிருப்பாள். இன்றைக்கு அதே ஆள் உட்கார்ந்து வலியை வா வா என்று கூப்பிடுகிறாள். தன் பிழைப்பை நினைக்க அவளுக்கே சிரிப்பாகவும் அழுகையாகவும் வந்தது. ஆஸ்பத்திரிக் கோயிலில் மத்தியான மணி அடித்தது. அவளையறியாமல் உதடுகள் அசைந்தன. ஆண்டவரே, இந்த மனுஷனுக்கு வலியைக் கொடும். எல்லா விரலுக்கும் கொடும். அப்படி ஒரு ஜெபத்தை அவள் அதற்கு முன் செய்ததில்லை, யாரும் செய்து கேட்டதும் இல்லை.

மணி அடித்து ஓய்ந்தும் கை அசையவில்லை. கலவை சிலருக்கு இன்னும் நீளும். நீண்டுகொண்டே போகிற ஒவ்வொரு நிமிஷத்தையும் நேற்றுவரை தன் கெட்டிக்காரத்தனமாக எண்ணியிருந்தாள். இப்போது அந்த மருந்தின் மீதே வெறுப்பு வந்தது. பாவம், மருந்து என்ன செய்யும்? அது தன் வேலையைத்தான் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அந்த அறையில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டில் காலுக்கு வந்தபோது ராமர் விழித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"மகாதேவி, தோள்ல என்னமோ ஊறுதுடி."

ஜோசப்பின் எழுந்தாள். தோள், பிறகு முழங்கை, பிறகு மாவுக்கட்டுக்குள் மணிக்கட்டு. மேலிருந்து கீழாக, கை கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டு வந்தது. மணிக்கட்டுக்கு வந்ததும் ராமர் பல்லைக் கடித்தார். உபகாரம் மாத்திரையோடு ஓடி வந்தாள். "கொஞ்சம் பொறுங்க சிஸ்டர்," என்றாள் ஜோசப்பின். சொல்லிவிட்டுத் தன் வார்த்தையைத் தானே வெறுத்தாள்.

"அய்யோ," என்று ராமர் நிமிர்ந்தார். "பெருவெரல் டாக்டரம்மா! கொள்ளிய வெச்சாப்ல இருக்கு!"

மகாதேவி துள்ளி எழுந்தாள். "வலிக்குதா? நெசமாவா?"

"வலிக்குதான்னா கேக்குற? உசுரு போகுதுடி! நடுவெரலும்! ஆத்தா!"

மகாதேவி சிரித்தாள். கண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். புருஷன் துடிக்கத் துடிக்க அவள் சிரிப்பதைப் பார்த்து அடுத்த கட்டில்காரர் திகைத்துப்போனார். ஜோசப்பினுக்கும் கண் கலங்கிவிட்டது. பஞ்சின் நுனியால் கட்டை விரலைத் தொட்டாள், ராமர் அலறினார். நடுவிரலைத் தொட்டாள், அலறினார். இனி மாத்திரை கொடுக்கலாம், ஊசியும் போடலாம், இன்னும் ஒரே ஒரு விரல்தான் பாக்கி. துணியை விலக்கி, வெளுத்துக் கிடந்த ஆள்காட்டி விரலைத் தொட்டாள்.

ராமர் அலறவில்லை.

கொஞ்சம் அழுத்தித் தொட்டாள். பஞ்சை வைத்துவிட்டு ஊசி முனையால் தொட்டாள். ராமர் வியர்வை வழிகிற முகத்தோடு அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் கலங்கியிருந்ததைக் கண்டு, அந்த வேதனையிலும் அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"நீங்க ஏங்க வெசனப்படுறீக? மத்த வெரலுகதான் இந்தப் பாடு படுத்துது. இந்த ஒரு வெரலு தங்கமா இருக்குங்க. ஒரு சொட்டு வலியில்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்க மருந்து இதுல மட்டும் இன்னும் நல்லா நிக்குதுபோல."

மகாதேவியின் சிரிப்பு நின்றது. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அவள் ஜோசப்பினைப் பார்த்தாள். சொல்ல வேண்டாம் என்று இந்தத் தடவை அவள் தலையசைக்கவில்லை.

உபகாரத்திடமிருந்து மாத்திரையையும் தண்ணீரையும் வாங்கி ஜோசப்பின் தானே அவருக்குக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மிகவும் அலுப்பாக இருந்தது. அலுப்பைச் சாக்காகச் சொல்லி எழுந்துபோக இனி வழியில்லை.

"மருந்தோட வேகம் அந்த வெரல்லயும் எறங்கிருச்சுண்ணே," என்றாள்.